பழைய கோயிலைப் பழுதுபார்க்க அரசு நிதி: முதன்முறை விண்ணப்பிக்கும் சபைகளுக்கு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, பீடத்துக்கு மேல ஒழுகுது. கோயில் ரிப்பேருக்கு கவர்மெண்டுல இருபது லட்சம் தராங்களாமே, எப்படி எழுதிப் போடணும்?"

எங்கள் ஊர்க் கோயிலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதைப் பழுதுபார்த்த குழுவில் செயலாளராக இருந்ததால்தான் என்னைக் கேட்கிறார்கள். தென்மாவட்டங்களில் தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்லிப் பழக்கம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கேட்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது, விண்ணப்பப் படிவத்தைக் கடைசியாகத் தொடுங்கள் என்பதுதான். கட்டடத்தைப் பாருங்கள், அப்புறம் பத்திரத்தைப் பாருங்கள். இந்த இரண்டும் கைக்குள் வந்துவிட்டால் படிவம் நிரப்ப ஒரு மாலைப்பொழுது போதும்.

திட்டம் என்ன தருகிறது

தமிழ்நாட்டில் கிறித்தவ தேவாலயங்களைப் பழுதுபார்க்கவும் புனரமைக்கவும் மாநில அரசு 2016-17ஆம் ஆண்டு முதல் நிதியுதவி அளித்துவருகிறது. தொடக்கத்தில் 1 லட்சம், 2 லட்சம், 3 லட்சம் என்றிருந்த தொகை இப்போது நன்றாக உயர்ந்திருக்கிறது. கட்டடத்துக்கு 10 முதல் 15 வயது என்றால் 10 லட்சம் ரூபாய், 15 முதல் 20 என்றால் 15 லட்சம், 20 ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் 20 லட்சம். இவை உச்சவரம்புகள். உங்கள் மதிப்பீடு 8 லட்சம் என்றால் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நிபந்தனைகள் எளிமையானவைதான். கோயில் சொந்தக் கட்டடத்தில் இயங்க வேண்டும். கோயில் கட்டப்பட்ட இடம் பதிவுத்துறையில் பதிவாகியிருக்க வேண்டும். சீரமைப்புக்கென்று வெளிநாட்டிலிருந்து எந்த நிதியுதவியும் பெற்றிருக்கக் கூடாது. ஒருமுறை நிதி வாங்கினால் ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும்.

இந்தக் கடைசி நிபந்தனையை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு வாய்ப்பு என்றால், அந்த ஒரு வாய்ப்பில் எதைக் கேட்கிறோம் என்பது பெரிய விஷயம். பழுதுபார்ப்பு மட்டுமல்லாமல் பீடம், சுற்றுச்சுவர், கழிவறை, குடிநீர் வசதி, முழங்காலிடும் பெஞ்சுகள், மைக்செட், சுரூபங்கள், நற்கருணைப் பேழை, மெழுகுவர்த்தித் தாங்கிகள் வரை இந்த நிதியில் அனுமதி உண்டு. கமிட்டி கூடினால் பேச்சு நேராக மைக்செட்டுக்கும் டைல்ஸுக்கும்தான் போகும். கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் எல்லோருக்கும் அதில் ஆசை. ஆனால் கூரை ஒழுகும் கோயிலில் புதுத் தரை போடுவது, ஓட்டை ஓலைக்குடிசைக்குள் மெத்தை வாங்கிப் போடுவதைப் போன்றது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். 20 ஆண்டுக்கு மேல் எல்லாக் கட்டடமும் ஒரே படியில் நிற்கிறது. 21 வயதுக் கான்கிரீட் கட்டடத்துக்கும், இடையன்குடியில் கால்டுவெல் 1847இல் தொடங்கி 1880இல் முடித்த கோயில் போன்ற ஒன்றுக்கும் உச்சவரம்பு அதே 20 லட்சம்தான். மரபுக் கட்டடம் என்பதற்காகத் தனிப் படி இல்லை. இது எனக்கு வருத்தம்தான். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தை முறையாகப் பார்க்க ஆகும் செலவே வேறு. அதனால் பழைய கோயில்கள் இந்த நிதியை முழுத் தொகையாக நினைக்காமல், வேலையின் முதல் பகுதிக்கான பணமாக நினைத்துத் திட்டமிட வேண்டும்.

முதல் வேலை: கட்டடத்தைச் சுற்றி வாருங்கள்

ஒரு நல்ல மழை நாளில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே இதைச் செய்யுங்கள். வெயில் நாளில் பார்த்தால் கறைதான் தெரியும், தண்ணீர் வருகிற வழி தெரியாது. குடை, டார்ச், நோட்டு, கைப்பேசி போதும். கோயிலைப் பராமரிக்கிற ஊழியரான கோயில் பிள்ளையையும், ஊரில் வயதான கொத்தனார் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். கோபுர ஏணியில் யார் ஏறுவது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

மேலிருந்து தொடங்குங்கள். கோபுர இடுக்கிலும் கைப்பிடிச் சுவரிலும் அரசு, ஆல் கன்றுகள் முளைத்திருக்கின்றனவா? மேலோடு வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு இரண்டாகத் துளிர்க்கும். வேர் சுவருக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. மழைநீர்க் குழாய்கள் அடைத்திருக்கின்றனவா? ஒழுகல் என்று நாம் நினைப்பதில் பாதி, புறா எச்சமும் இலைச்சருகும் அடைத்த குழாயால் வருவது. இதைச் சரிசெய்ய அரசு நிதி வேண்டியதில்லை, வாலிபர் சங்கம் ஒரு சனிக்கிழமை இறங்கினால் போதும்.

கூரை சீமை ஓடா, மெட்ராஸ் ஒட்டா என்று எழுதிக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ஒட்டு என்றால் தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மரப்பலகையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்த கூரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். இந்தக் கூரை ஒழுகினால் நம் ஊரில் வழக்கமாகச் செய்கிற தப்பு, மேலே இன்னோர் அடுக்குப் போடுவது. அது ஒழுகினால் அதன்மேல் இன்னொன்று. ஒவ்வொரு அடுக்கும் உத்தரத்தின் மேல் ஏறுகிற பாரம். நாங்கள் பார்த்தபோது எங்கள் கோயிலில் மூன்று தலைமுறை மராமத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது, நடு உத்தரம் கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்திருந்தது. முதலில் பாரத்தை இறக்கினோம். ஒழுகலை அதற்குப் பிறகுதான் தொட்டோம்.

உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளைத் தவறாமல் பாருங்கள். நடுவில் மரம் இரும்பு மாதிரி இருக்கும், ஈரச் சுவருக்குள் மறைந்த முனையில் கரையானோ அழுகலோ இருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து சுவர். கீழிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஈரக்கறை, உப்புப் பூத்தல், காரை பொரிந்து உதிர்தல் இருந்தால் அது ஓதம். பழைய செங்கல் சுவரும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உள்ளே வாங்கி, வெயிலில் வெளியே விட்டுவிடும். அந்தச் சுவருக்கு மூச்சு உண்டு. அதன்மேல் சிமெண்டு பூசினால் மூச்சு அடைபடும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் சிமெண்டுக்கு மேலே போக வழி தேடி இன்னும் உயரத்தில் வெளிவரும், உப்பு உள்ளுக்குள்ளேயே பூத்துச் செங்கல்லைப் பொடியாக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வடக்குச் சுவரை ஒரு ஒப்பந்ததாரர் சிமெண்டு வைத்துப் பூசிக்கொடுத்தார். பார்க்க வழவழவென்று இருந்தது. மூன்றாவது மழைக்காலம் முடிந்து அந்தப் பூச்சு பாளம் பாளமாக விழுந்தபோது, பின்னால் இருந்த செங்கல்லை விரலால் சுரண்ட முடிந்தது. நூறு வருடம் நின்ற சுவர் மூன்று வருடத்தில் அந்த நிலைக்கு வந்தது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பால்தான் பழுதுபார்க்க வேண்டும். டிஸ்டெம்பர், எனாமல் பெயிண்ட் விஷயமும் இதேதான். வெள்ளையடிப்புக்கு நிகரான மூச்சு அவற்றுக்குக் கிடையாது.

ஓதத்துக்குப் பாதிக் காரணம் வெளியே இருக்கும். தெருவைத் திரும்பத் திரும்ப உயர்த்திப் போட்டிருப்பார்கள், வளாகம் முழுக்கச் சிமெண்டுத் தளம் போட்டிருப்பார்கள், மழைநீர் சுவரடிக்கு ஓடிவரும். சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குத் தளத்தைப் பெயர்த்து, ஜல்லி நிரப்பி, வாட்டம் வெளிப்பக்கமாக வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். ஆனால் அஸ்திவாரத்தை ஒட்டி ஆழமாகத் தோண்ட வேண்டாம். பழைய கட்டடங்களின் அஸ்திவாரம் எப்படிப் போட்டது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தை 1821இல் கட்டி முடித்தவர்கள், அந்த இளகிய மண்ணில் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் கட்டடத்தை நிறுத்தினார்கள். உங்கள் கோயிலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கழிவறைத் தொட்டிக்குக் குழி வெட்டக் கூடாது. கழிவறை கட்டுவதாக இருந்தால் வளாகத்தின் மூலையில், சுவரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

விரிசல்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கண்ணாடி உடைந்தால் கட்டடம் இன்னும் நகர்கிறது, பொறியாளர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். உடையாமல் இருந்தால் அது என்றோ நின்றுபோன பழைய விரிசல், நிரப்பிவிடலாம்.

எல்லாவற்றையும் படம் எடுங்கள். அளவு தெரிய ஒரு டேப்பை விரித்துவைத்து எடுங்கள், எந்தச் சுவர், எந்தத் தேதி என்று குறித்துவையுங்கள். பின்னால் விண்ணப்பத்துக்கும் கணக்குக்கும் இதே படங்கள்தான் உதவும்.

இரண்டாவது வேலை: பத்திரம், பட்டா, பெயர்

விண்ணப்பங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிற இடம் இது.

பழைய கோயில்களின் நிலம் பலவிதமாக வந்திருக்கும். மிஷனரிகள் வாங்கியது, ஜமீன் கொடுத்தது, சபையார் எழுதிவைத்தது, நத்தம் என்று வருவாய்க் கணக்கில் கிடப்பது. மூலப்பத்திரத்தில் எஸ்.பி.ஜி. என்றோ சி.எம்.எஸ். என்றோ மிஷன் பெயர் இருக்கும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு சொத்துகள் திருச்சபையின் டிரஸ்ட் அசோசியேஷன் பெயருக்குப் போயிருக்கும், ஆனால் பட்டா மாறாமல் பழைய பெயரிலேயே நிற்கும். லுத்தரன் சபைகளிலும் இதே கதைதான். கத்தோலிக்கப் பங்குகளில் மறைமாவட்டத்தின் பெயரிலோ ஆயரின் பெயரிலோ இருக்கும். விண்ணப்பத்திலோ நாம் "பரிசுத்த திரித்துவ ஆலயம்" என்று எழுதுவோம். இந்த மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் விண்ணப்பம் முதல்முறை திரும்பி வந்தது இதனால்தான். பட்டாவில் மிஷன் பெயர், வங்கிக் கணக்கில் சேகரத்தின் (பக்கத்துச் சபைகள் பல சேர்ந்த பிரிவு) பெயர், விண்ணப்பத்தில் ஆலயத்தின் பெயர். சரிசெய்து மறுபடி கொடுக்க எட்டு மாதம் ஆனது, அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மூலப்பத்திரத்தின் நகலைத் திருமண்டல (கத்தோலிக்கர் மறைமாவட்டம் என்பது போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்திலோ ஆயர் இல்லத்திலோ கேட்டு வாங்குங்கள். அங்கே தேட நாளாகும், அதனால் முதல் வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பட்டா, அ-பதிவேடு (கிராம நிலக் கணக்கு), நில வரைபடம் மூன்றையும் எடுத்து, சர்வே எண் மூன்றிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று போடுங்கள். பெயர்கள் வேறாக இருந்தால், இன்ன மிஷனின் சொத்து இன்ன ஆண்டில் இன்ன அமைப்புக்கு வந்தது, இந்த ஆலயம் அதன்கீழ் இயங்குகிறது என்று திருமண்டலத்தின் கடிதத்தாளில் ஒரு சான்று வாங்கி, அதற்கு ஆதாரமான ஆவண நகலையும் சேர்த்து வைத்துவிடுங்கள். வேலை செய்வதற்கான திருமண்டல அனுமதிக் கடிதத்தையும் அப்போதே வாங்கிக்கொண்டால் இன்னொரு நடை மிச்சம். நிலம் பதிவே ஆகாமல் வெறும் அனுபவத்தில் இருந்தால், முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் அதைத் தீர்க்க வேண்டும். அது தீராமல் இந்தத் திட்டத்தில் நகர முடியாது.

வயதுக்கான ஆதாரத்தில் பலர் தேவையில்லாமல் கஷ்டப்படுகிறார்கள். 1860இல் கட்டியது என்று நிரூபிக்கப் பழைய கடிதங்களைத் தேடி அலைய வேண்டாம். 20 ஆண்டைத் தாண்டியது என்று காட்டினால் உச்சப் படி கிடைத்துவிடும். அடிக்கல் அல்லது பிரதிஷ்டைக் கல்லின் தெளிவான படம், ஞானஸ்நானப் பதிவேட்டின் பழைய பக்கங்கள், கமிட்டியின் பழைய மினிட் புத்தகம், பழைய மின் இணைப்பு ரசீது இவை போதுமான துணை. கல்லின்மேல் பெயிண்ட் அடித்து எழுத்தை மூடியிருந்தால் உளியால் சுரண்டாமல், தண்ணீரும் மென்மையான பிரஷும் வைத்து மெதுவாகத் துடையுங்கள்.

அயல்நாட்டுப் பணம் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பீர்கள், ஏனென்றால் நம் சபைகளில் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, இந்தியக் குடிமகனாகவே இருக்கும் ஒருவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கொள்ளப்படாது. குடியுரிமை மாறிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான், ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் சரி. ஆனால் இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது சீரமைப்புக்கு வெளிநாட்டு நிதி எதுவும் வாங்கவில்லை என்று உறுதி கொடுக்கிறோம். ஆகவே என் யோசனை, இந்த வேலை முடிகிறவரை வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் பணத்தையும் சீரமைப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊருக்கு வரும்போது நேரில் வந்து காணிக்கையைக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னாலும், முதலில் உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

உங்கள் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கு அருகில் இருந்தால் இன்னொரு படி உண்டு. சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்காவில் 1779இல் எழுந்த சுவார்ட்ஸ் ஆலயத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். அந்த மாதிரி இடங்களில் பழுதுபார்ப்புக்குக்கூட முன்அனுமதி வேண்டும். மாவட்டத் தலைநகரங்களிலும் பழைய கோட்டைப் பகுதிகளிலும் இருக்கிற சபைகள் தூரத்தை அளந்து பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது வேலை: மதிப்பீடு

கட்டட வரைபடமும் திட்ட மதிப்பீடும் இல்லாமல் விண்ணப்பம் நகராது. பதிவுபெற்ற பொறியாளரிடம் போனால், அவர் வழக்கமான பொதுப்பணித்துறை விலைப்பட்டியலை வைத்துச் சிமெண்டுப் பூச்சு, வெதரிங் கோர்ஸ் (கூரைமேல் வெயிலும் மழையும் தாங்கப் போடுகிற அடுக்கு), டைல்ஸ் என்று மளமளவென்று போட்டுக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் அன்றாடம் பார்க்கிற வேலை அது. நீங்கள்தான் உட்கார்ந்து சொல்ல வேண்டும்: பூச்சு சுண்ணாம்பில் வேண்டும், கூரையில் பழைய அடுக்குகளை இறக்குகிற கூலியைத் தனி வரியாகப் போடுங்கள், உத்தரத்தின் அழுகிய முனைக்கு மட்டும் புது மரம் இணைக்க வேண்டும், முழு உத்தரத்தையும் மாற்ற வேண்டாம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் இல்லாமல் போகவில்லை. செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், இந்துக் கோயில்களில் திருப்பணி செய்கிறவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள். மரபுச் சின்னங்களைப் பாதுகாக்க 1984 முதல் இயங்கிவருகிற இன்டாக் அமைப்புக்குத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிளைகள் உண்டு. மரபுக் கட்டடக் கலைஞர் யாரை அணுகலாம் என்று அங்கே கேளுங்கள். அப்படிப்பட்ட ஒருவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போக ஆகிற செலவை வீண் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு வந்தவர் சொன்ன ஒரே விஷயத்தால், அதாவது கோபுரத்தை இடித்துக் கட்ட வேண்டியதில்லை என்பதால், பல லட்சம் மிச்சமானது.

சுண்ணாம்புக்கு நாள் வேண்டும். சுட்ட சுண்ணாம்பை நீற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, அரைத்துப் பூச வேண்டும். பூசியதும் அது காற்றிலிருந்து மெதுவாக இறுகும். கொட்டும் மழையிலும் ஆகாது, அக்கினி வெயிலில் ஈரச்சாக்கு போட்டு மூடாமலும் ஆகாது. எங்கள் பக்கத்துக்குத் தை, மாசி, பங்குனி நல்ல காலம். இதைப் பொறியாளரிடமும் கமிட்டியிடமும் முன்கூட்டியே பேசி, வேலை அட்டவணையில் எழுதிவிடுங்கள். ஈஸ்டருக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டால், கொத்தனார் சுண்ணாம்போடு சிமெண்டைக் கலந்துவிடுவார்.

மதிப்பீட்டில் வரிசை இப்படி இருக்கட்டும். தண்ணீர் உள்ளே வருவதைத் தடுக்கிற வேலைகள் முதலில். பிறகு உத்தரம், விரிசல், கோபுரம் என்று கட்டடம் நிற்பதற்கான வேலைகள். மின்வயர், இடிதாங்கி, கழிவறை, சக்கர நாற்காலி ஏறுகிற சாய்தளம் அடுத்து. தரை, பெயிண்ட், மைக்செட் கடைசியில். 20 லட்சம் எங்கே தீர்கிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பதற்கு அரசு நிதி, கீழே இருப்பதற்குச் சபையின் பணம். சாய்தளத்தை மேலே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பழைய கோயில்களில் வாசலுக்கு ஐந்தாறு படி இருக்கும். முழங்கால் தேய்ந்த பாட்டிமார்கள் அந்தப் படியைப் பார்த்தே ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

விண்ணப்பமும் ஆய்வும்

படிவங்கள் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறையின் இணையதளத்திலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிற மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரிடமும் கிடைக்கும். விண்ணப்பம், சான்றிதழ் எனப் பிற்சேர்க்கைகள் உண்டு, எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். போகும்போது அந்த ஆண்டுக்கான தொகையும் நிபந்தனையும் மாறியிருக்கிறதா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, முழுத் தொகுப்பையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு விண்ணப்பங்களைப் பரிசீலித்து, நேரில் வந்து பார்த்து, தகுதியானவற்றைத் துறையின் தலைமைக்குப் பரிந்துரைக்கும். ஆய்வுக்கு வருகிற நாளில் கோபுரச் சாவி, உறுதியான ஏணி, மழைக்காலப் படங்கள் மூன்றும் தயாராக இருக்கட்டும். வெயில் நாளில் வருகிறவருக்கு ஒழுகல் தெரியாது. படத்தைக் காட்டி, அதே இடத்துக்குக் கூட்டிப்போய்க் கறையைக் காட்டுங்கள். சாப்பாடு, சால்வை என்று ஆரவாரம் வேண்டாம். கட்டடம் தெரிந்த இரண்டு பேர் உடன் நடந்தால் போதும்.

பணம் வந்த பிறகு

நிதி இரண்டு தவணைகளாக, கோயிலின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். அதற்கென்று தனிக் கணக்கு வைத்து, குருவானவரோ பங்குத்தந்தையோ ஒருவர், பொருளாளர் ஒருவர் என்று கூட்டுக் கையெழுத்து வைப்பது நல்லது. சபைக் காணிக்கையை அதில் கலக்கக் கூடாது. கூலிக்குக்கூட முடிந்தவரை வங்கி வழியாகவே கொடுங்கள், ரொக்கமாகக் கொடுத்தால் பெயர், நாள், வேலை எழுதிய வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். முதல் தவணையில் என்னென்ன முடிந்தது என்பதைப் பொறியாளரின் அளவுக் குறிப்போடும் படங்களோடும் காட்டத் தயாராக இருங்கள். வேலைக்கு முன், நடுவில், முடிந்தபின் என்று ஒரே கோணத்தில் எடுத்த மூன்று படங்கள் பல பக்க விளக்கத்துக்குச் சமம். மூடப்போகிற வேலைகளை, உதாரணமாகப் பூச்சுக்குள் மறைகிற செங்கல் வேலையை, மூடுவதற்கு முன்னால் படம் எடுங்கள்.

ஞாயிறுதோறும் அறிவிப்பு நேரத்தில் வரவு செலவை வாசித்துவிடுங்கள், அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். கோயில் வேலை நடக்கிற ஊரில் வதந்தி கிளம்ப நேரம் ஆகாது, அதற்கு மருந்து திறந்த கணக்குதான்.

கோட்டுக்குக் கீழே இருப்பதற்குப் பணம்

எம்.பி. தொகுதி நிதியைக் கேட்கலாமே என்று ஒருவர் சொல்வார். வழிபாட்டுத் தலங்களுக்குள் செய்கிற வேலைக்கு அந்த நிதியில் இடமில்லை, அதற்காக அலைய வேண்டாம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இன்னொரு வழி. கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வரலாற்று முக்கியத்துவம் கொண்ட கட்டடங்களைப் புதுப்பிப்பதும் சேர்ந்திருக்கிறது. இங்கேதான் உங்கள் கோயிலின் வரலாறு உதவும். அரசுப் படிவத்துக்கு அது 20 வயது தாண்டிய கட்டடம் மட்டுமே. ஆனால் ஒரு நிறுவனத்திடம் போகும்போது, யார் எப்போது கட்டியது, என்ன கட்டட முறை, யார் யார் இங்கே அடக்கம், ஊருக்குப் பள்ளிக்கூடம் எப்படி இங்கிருந்து கிளம்பியது என்று இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். 1718இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள் என்றால், அதன் கதை எழுதப்பட்டிருப்பதும் ஒரு காரணம். நம் ஊர்க் கோயிலின் கதையைத்தான் நாம் எழுதவே இல்லை.

வருமான வரிச் சட்டத்தில், மத்திய அரசு அறிவிக்கை செய்த புகழ்பெற்ற அல்லது வரலாற்றுச் சிறப்புள்ள வழிபாட்டுத் தலங்களின் பழுதுபார்ப்புக்குக் கொடுக்கிற நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு. உங்கள் கோயில் அந்தப் பட்டியலில் இல்லாமல் "வரிவிலக்கு உண்டு" என்று ரசீதில் அச்சடித்துவிடாதீர்கள்.

மீதி எல்லாம் சபையார்தான். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கிற ஜனம் நம்முடையது. எங்கள் ஊரில் நாங்கள் மொத்தமாகப் பணம் கேட்கவில்லை. இந்த ஜன்னலுக்கு இவ்வளவு, இந்த உத்தர முனைக்கு இவ்வளவு, கோபுர மணி தொங்குகிற மரத்துக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியல் ஒட்டினோம். இரண்டு மாதத்தில் பட்டியலில் முக்கால்வாசி முடிந்தது. தன் தாத்தா அந்த மணியை அடித்தவர் என்று சொல்லி, ஒரு கூலித் தொழிலாளி மணி மரத்துக்கான தொகையை நான்கு தவணையில் கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த ஆண்டு மழை முடிந்திருந்தால், கண்ணாடித் துண்டுகளை ஒட்டவும் மூலப்பத்திர நகலுக்கு எழுதிக் கொடுக்கவும் இதுவே சரியான வாரம். மழை முடியவில்லை என்றால் குடையை எடுத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வாருங்கள்.